நாமளே சொல்லப்படாது

அத்தியாயம் 11

கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து மீனலோசினி வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. பஸ் ஸ்டாண்டிலேயே அவள் புருஷன் கோமதிநாதன், "எப்படிட்டி பண்ணுன?" என்று கேட்டான். "கெடச்சிரும்னு தோணுது" என்றாள். தன்னைப் பற்றி அவள் அந்த அளவுக்குச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மீனலோசினி சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. ஏப்ரலில் வேலை போகும், ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்களா என்று மே மாதம் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கரிசல் மண்ணில் பயிர் வேரோடு ஒட்டி வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். இப்போது கோயம்புத்தூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை, சொந்தமாக ஒரு லேப். நேர்முகத் தேர்வில் கடைசியாக நின்ற மூன்று பேரில் இவளும் ஒருத்தி.

மிச்சம் இருந்தது விசாரிப்பு. ரெபரன்ஸ் என்கிறார்கள். ஆளை முன்பே அறிந்தவர்களுக்குப் போன் போட்டு, பாடம் எப்படி, ஆராய்ச்சி எப்படி, குணம் எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பெண் பார்த்த பிறகு தெருவில் நாலு பேரிடம் விசாரிக்கிறோமே, அந்த மாதிரிதான்.

மீனலோசினி தன் பி.எச்டி. வழிகாட்டி சாம்சன் பெயரையும் பிரின்சிபால் பெயரையும் கொடுத்திருந்தாள். இன்னொருவர் பெயரைக் கொடுக்கவில்லை. அவர் அவளுடைய பழைய துறைத் தலைவர் சண்முகையா. அவரிடம்தான் அவள் எம்.எஸ்சி. படித்தாள், அவருக்குக் கீழேதான் வேலைக்குச் சேர்ந்தாள். ரிட்டயர் ஆன மறு வருஷம் அவர் தன் மகன் கோமதிநாதனுக்கு அவளைக் கேட்டு வந்தார். அதோடு சார் மாமா ஆகிவிட்டார். மாமனார் பெயரைக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களே என்று அவள் விட்டுவிட்டாள்.

பல்கலைக்கழகக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? கொடுத்த பெயர்களோடு நிற்காமல், முன்பு அந்தத் துறைக்கு யார் தலைவர் என்று அவர்களே தேடிப் பிடித்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை. சண்முகையா வீட்டுக் கூடத்தில் அவர் மச்சினன் பேச்சிராஜா தன் சம்சாரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். பனவடலிசத்திரத்திலிருந்து பால்காய்ப்புப் பத்திரிகை கொண்டு வந்திருந்தார்கள். புது வீடு கட்டியாயிற்று. ஆனால் அந்த வீட்டில் விளக்கேற்ற வேண்டிய மருமகள் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டில் இருக்கிறாள். அதைப் பற்றிப் பேச்சு வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லோரும் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது.

"வணக்கம் சார். பேராசிரியர் சண்முகையாங்களா? நான் பல்கலைக்கழகத் தேர்வுக் கமிட்டியிலிருந்து ஜெயசித்ரா பேசறேங்க. மீனலோசினி விண்ணப்பம் சம்பந்தமா. ஒரு பத்து நிமிஷம் பேசலாங்களா?"

சண்முகையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து புறவாசலுக்குப் போயிருக்கலாம். கிணற்றடியில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். வந்தவர்களை விட்டுவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு போவது மரியாதையா என்று தோன்றிவிட்டது. இருந்த இடத்திலேயே பேசினார்.

"பேசலாம் மேடம். ஆனா ஒண்ணு மொதல்லயே சொல்லிருதேன். அவ இப்ப எனக்கு மருமக."



"சொன்னது ரொம்ப நல்லதுங்க. பரவாயில்லைங்க சார். மாமனாரா வேண்டாங்க. துறைத் தலைவரா நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. பாடம் எப்படி நடத்துவாங்க?"

அந்த அம்மாள் கதவைத் திறந்து வைத்து, உள்ளே வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார். நம் ஆள் வாசலிலேயே நின்றார்.

"ஏதோ நடத்துவா."

"ஆராய்ச்சிங்க?"

"அதுவும் ஏதோ பண்ணிக்கிட்டு இருக்கா. மண்ண அள்ளிட்டு வருவா, வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பா." பேச்சிராஜா நிமிர்ந்து பார்ப்பது தெரிந்து சண்முகையா குரலை இன்னும் இறக்கிக்கொண்டார்.

"தனியா ஒரு லேபை எடுத்து நடத்தற அளவுக்கு வருவாங்களா சார்?"

"அத நான் எப்படி மேடம் சொல்ல? நம்ம வீட்டுப் பிள்ளைய நாமளே சொல்லப்படாது. மத்தவங்கட்டக் கேட்டுக்கிடுங்க."

"சரிங்க. கூட வேலை பார்க்கறவங்களோட எப்படி? ஏதாச்சும் பிரச்சினை?"

"பிரச்சினைன்னு பெருசா ஒண்ணும் கெடையாது."

"பெருசா இல்லைங்களா..." பேனா ஓடும் நேரம். "கடைசியா ஒண்ணுங்க. வேலை கிடைச்சா இங்கயே வந்து தங்கிடுவாங்களா?"

சண்முகையா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் மருமகளின் செருப்பும் மண் சாம்பிள் பைகளும் கிடந்தன.

"அத... பாக்கணும்" என்றார்.

"சரிங்க சார். புரிஞ்சுதுங்க. நன்றிங்க."

போனை மடியில் வைத்தார். பேச்சிராஜா கேட்டார்: "என்ன அத்தான், மருமகளுக்குப் பெரிய வேலையா?"

"ஏதோ கூப்புட்டிருக்கான் வே. கெடைக்கிறப்பப் பாப்போம்."

பேச்சிராஜாவின் முகம் வாடவில்லை. அதில் சண்முகையாவுக்கு ஒரு திருப்தி. ஒரு மருமகளால் நொந்து போய் வந்தவர் முன்னால் தன் மருமகளைத் தூக்கிப் பேசவில்லை. கண்ணும் படவில்லை. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் யார்தான் அப்படி இல்லை? விருந்துக்கு வந்தவர் ரசம் பிரமாதம் என்றால், "ஏதோ வச்சேன், புளி கூடிப்போச்சு" என்பாள் வைத்தவள். மகன் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தால், "ஏதோ பாஸாயிட்டான்" என்பார் தகப்பன். கேட்கிறவரும் நம் ஆள்தான். 'ஏதோ' என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். "நீங்க அப்படித்தான் சொல்லுவீய" என்று சிரித்துக்கொண்டே சரியாகக் கணக்குப் போட்டுக்கொள்வார். கோயம்புத்தூரில் கேள்விக்கு எதிரே மார்க் போட்டுக்கொண்டிருந்த அம்மாளுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? மற்ற இரண்டு பேருக்காகப் பேசியவர்கள், கேட்டதற்கு மேலேயே அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

சண்முகையா மச்சினனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அவர் சம்சாரம் நெல்லையம்மாள் அடுக்களையிலிருந்து கேட்டாள்: "மீனாவுக்குத்தான போனு? என்ன சொன்னீய?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன்."

"அவிய என்ன சொன்னாவ?"

"புரிஞ்சுதுன்னாவ."

"என்னத்தப் புரிஞ்சுதாம்?"

சண்முகையா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பேப்பரை எடுத்து விரித்தார். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. 'பெருசா இல்லைங்களா' என்று அந்த அம்மாள் இழுத்த இழுப்பு திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. திரும்பக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தார். கூப்பிட்டு என்னவென்று சொல்வது என்று வைத்தார். மறுபடி எடுத்தார். அன்று பகல் முழுக்க அவர் செய்த வேலை அதுதான்.

மத்தியானம் மீனலோசினி லேபில் இருந்தாள். கரிவலம்வந்தநல்லூர்ப் பஸ்ஸைப் பிடிக்கிற பெண் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் செய்முறை வகுப்புக்கு நேரம் போதாது. அதனால் சாப்பாட்டு நேரத்திலேயே அவர்களுக்கு மைக்ராஸ்கோப்பைப் போட்டுக் கொடுத்துவிடுவாள். தன் டிபன் டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது சாம்சன் கூப்பிட்டார். பாளையங்கோட்டைக்காரர், நல்ல மனுஷர், எதையும் நேராகச் சொல்லிவிடுவார்.

"மீனா, கொஞ்சம் வெளிய வாம்மா."

அவள் வராந்தாவுக்கு வந்தாள்.

"நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லப்படாது. அந்த ஜெயசித்ரா அம்மா காலையில எனக்கு ரெண்டாந்தடவ போன் பண்ணாவ. நீ வேல பாக்குத காலேஜ்ல எதாவது பிரச்சின உண்டா, மறைக்காமச் சொல்லுங்கன்னு கேட்டாவ."

"பிரச்சினையா? என்ன சார் பிரச்சின?"

"அதத்தான் நானும் கேட்டேன். உங்க பழைய ஹெட்டுகிட்டப் பேசுனாவளாம். அவரு வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த சொல்லலியாம்."

"நான் அவரு பேரக் குடுக்கவே இல்லியே சார்."

"அவியளே தேடிப் பிடிச்சிருக்காவ. மாமனாருன்னும் தெரிஞ்சிருக்கு. அதான் மீனா வில்லங்கமே. சொந்த மாமனாரே மழுப்புதாருன்னா உள்ள ஏதோ இருக்குன்னு அந்தம்மாவுக்குத் தோணிட்டு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். இப்பத் திரும்பக் கூப்புட்டுக் கேட்டா, கமிட்டி கூடி முடிச்சிட்டாவளாம். நேத்து வரைக்கும் மொதப் பேரு உன்னுது. இன்னைக்கு ரெண்டாவது."

 சாம்சன் இன்னும் ஏதோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்ப உள்ளே போய் வகுப்பை முடித்தாள். அழவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டுவதற்கு முதல் முறையாக மறந்துபோனாள். அவர்களாகவே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சாயங்காலம் கோமதிநாதன் ஆபீஸ் முடிந்து பைக்கோடு கல்லூரி வாசலில் நின்றான். மின்வாரியத்தில் வேலை. கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றலுக்கு எழுதியும் கொடுத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். தெருவில் ஓடிய விசைத்தறிச் சத்தத்தில் அவன் கத்த வேண்டியிருந்தது.

"அப்பாவா? இருக்காது மீனா. அவியளுக்கு உன்ன எவ்வளவு பிடிக்கும்!"

"எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியணும்லா?"

"வீட்டுக்குப் போயி நான் கேக்குதேன் இன்னைக்கு."

"நீங்க ஒண்ணும் பேசாதீய. இது எனக்கும் சாருக்கும் உள்ளது."

மாமா என்று சொல்லாமல் அவள் சார் என்று சொன்னதை அவன் கவனித்தான். வண்டியை எடுத்தான்.

வீட்டில் சண்முகையா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து கைப்பையை வைத்தாள், கால் கழுவினாள், நெல்லையம்மாள் கொடுத்த காபியை வாங்கிக் குடித்து முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"காலையில போன் வந்துச்சா மாமா?"

"வந்துச்சும்மா. அதச் சொல்லத்தான்..."

"வேல போயிட்டு."

நெல்லையம்மாள் அடுக்களை நிலையில் அப்படியே நின்றாள். சண்முகையா உட்கார்ந்தார்.

"நான் ஒரு கொறகூடச் சொல்லலியேம்மா."

"நல்லதும் சொல்லல மாமா. மாமனாரே சொல்லலன்னா என்ன அர்த்தம்னு அவிய நெனச்சிட்டாவ."

"பேச்சிராஜா இருந்தான். அவன் வீட்டு நெலம உனக்குத் தெரியும்லா? அவனை முன்னால வச்சுக்கிட்டு என் மருமக அப்படி, இப்படின்னு எப்படிம்மா பேச? அந்த மனுசன் என்ன பாடுபடுவான்?"

"நீங்க நெனச்சது சரிதான். நான் அதத் தப்புன்னு சொல்லல. புறவாசலுக்குப் போயிருக்கலாம்லா மாமா?"

அவர் புறவாசல் பக்கம் பார்த்தார்.

"அங்க வந்து தங்குவாங்களான்னு கேட்டதுக்கு என்ன சொன்னீய?"

அதையும் அவளே யூகித்திருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாக்கணும்னேன்."

"என்னத்தப் பாக்கணும்? அத நாம பேசி முடிச்சாச்சே! இதே கூடத்துல வச்சு நீங்கதான சொன்னீய, ரெண்டு பேரும் போங்க, நாங்க இருந்துக்கிடுவோம்னு? இவிய மாத்தலுக்குக்கூட எழுதிக் குடுத்தாச்சு."  நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க மாமா. கூச்சப்பட்டுத்தான் சொல்லாம இருந்தீயளா? இல்ல, நாங்க போயிரக் கூடாதுன்னா?"

"மீனா..." என்று கோமதிநாதன் ஆரம்பித்தான். நெல்லையம்மாள் கையைக் காட்டி அவனை அடக்கினாள். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

கூச்சம்தான் என்று சொல்லச் சண்முகையா வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை. பதினோரு வாரமாக இந்த மனுஷர் பின்னால் அலைகிற எனக்கே எது என்று தெரியவில்லை. காலையில் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாரே, அப்போது அந்தச் செருப்பு இல்லாத வீடு அவர் கண்ணில் தெரிந்ததா? தெரிந்துதான் நாக்கு இழுத்ததா? அவருக்கே விளங்கவில்லை. விளங்காததுதான் அவரைப் போட்டு வதைத்தது.

"தெரியலம்மா" என்றார்.

பொய் சொல்லவில்லை. அதற்காக ஒரு மார்க் போடலாம். ஆனால் மீனலோசினிக்கு அன்று அந்த உண்மையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"கல்யாணம் ஆனதுல எனக்கு ஒரு மாமா கெடச்சாவ" என்றாள். "என் சார் எங்க போனாருன்னுதான் தெரியல. எனக்காக அவரு பேசியிருப்பாரு."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சண்முகையா எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று புறவாசலுக்கு நடந்தார். காலையில் நடந்திருக்க வேண்டிய நடை அது. கிணற்றடியில் துவைகல் பக்கத்தில் நின்று நம்பரை அழுத்தினார்.

"மேடம், நான் சங்கரன்கோவில் சண்முகையா. காலையில நான் சரியாச் சொல்லல. இப்பச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

"சார்..." அந்த அம்மாளின் குரலில் கோபம் இல்லை. சங்கடம் இருந்தது. "முடிவாயிடுச்சுங்க. இன்னொருத்தருக்குச் சொல்லி, அவரும் வர்றேன்னுட்டாருங்க. நான் கேட்டப்ப நீங்க சொன்னதைத்தானுங்க நான் கமிட்டியில சொல்ல முடியும்? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"சரி மேடம். வேலைக்காகச் சொல்லல. அந்தப் பிள்ளையப் பத்தி நீங்க தப்பா நெனச்சிரப்படாது. அதுக்காக மட்டும் கேளுங்க."

பிறகு பேசினார். சுருக்கிப் பேசத் தெரியாத பழைய வாத்தியார். தூரத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திப் பேசினார். அடுக்களை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மீனலோசினி குழாயை மூடினாள்.

"ஒரு கோடையில லேப் ஃப்ரிட்ஜ் செத்துப் போச்சு மேடம். உள்ள அவ வளத்து வச்ச நுண்ணுயிர்க் கல்ச்சர் பூராவும் இருக்கு. நாங்கள்லாம் சரி, போனது போச்சுன்னுட்டோம். அவ ஐஸ் பெட்டியில தூக்கி வச்சுக்கிட்டுப் பஸ்ல பாளையங்கோட்டைக்குப் போனா. உக்கார எடமில்ல. பிள்ளையத் தூக்குத மாதிரி நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே போனா. ஒண்ணுகூடச் சாகல.

"இளையரசனேந்தல் பக்கம் வெவசாயம் பாக்குத சம்சாரிங்க மொதல்ல மண்ணெடுக்க விடல. கவர்மெண்ட்டு ஆளு, நெலத்த அளக்க வந்திருக்கான்னு வெரட்டுனாங்க. இவ களையெடுக்குத பொம்பளைங்களோட எறங்கி அவளும் களையெடுத்தா. இப்ப அவங்களே பை பையா மண்ணு குடுத்து விடுதாங்க. வீட்டுல நடக்க எடமில்ல, அவ்வளவு மண்ணு.

"கூட வேல பாக்குதவங்கட்ட எப்படின்னு கேட்டீங்கள்லா? கேளுங்க. நான் எழுதுன ஒரு கட்டுரையில தப்பு இருந்துச்சு. பெரிய தப்பு. அச்சுக்குப் போகப் போகுது. துறையில யாரும் பாக்கல, இவ பாத்துட்டா. என் ரூமுக்கு வந்தா, கதவச் சாத்துனா, ஒக்காந்து எனக்கு வெளங்க வச்சா. வெளிய போயி ஒரு ஆளுகிட்டச் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. என் மானம் தப்புனது அவளாலதான். அதுக்கு நான் அவளுக்கு ஒரு நன்றி... ஒரு வார்த்த..."

 மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல இவ மாதிரி ஒரு பிள்ளையப் பாத்ததில்ல மேடம். அவளப் போயி மருமகளாக் கேட்டேன் பாருங்க, அது என் சுயநலம். அவ எங்கெங்கயோ போக வேண்டியவ. கேக்குதா மேடம்? மேடம்?"

பதில் இல்லை. காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பகலெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்துச் சார்ஜ் போட மறந்த போன் கறுப்பாக இருந்தது. பொத்தானை அமுக்கினார். அசையவில்லை.

பின்னால் மீனலோசினி நின்றாள்.

"எப்பக் கட்டாச்சுன்னு தெரியலியேம்மா" என்றார் பரிதாபமாக. "எது வரைக்கும் கேட்டாவளோ."

"நான் கேட்டேன் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தைகள். எம்.எஸ்சி. படிக்கும்போது ரெக்கார்டு நோட்டில் அவர் போடும் ஒற்றைக் கையெழுத்துக்காக ஏங்கி நின்றவள் அவள். இதைக் கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். இந்த விலை கொடுப்பாள் என்று மட்டும் நினைத்திருக்க மாட்டாள்.

விளக்கு வைத்த பிறகு அவள் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். திருச்சிப் பக்கம் ஒரு இடத்தில் ஆள் எடுக்கிறார்கள். கோயம்புத்தூரே கிடைத்துவிடும் என்று அதை அவள் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சண்முகையா பக்கத்தில் வந்து நின்றார். போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது.

"விசாரிக்க யார் பேரு குடுத்திருக்க?"

"சாம்சன் சார், பிரின்சிபால். மூணு பேரு கேட்டிருக்காவ. வேல பாத்த எடத்து ஹெட் கட்டாயம் வேணுமாம், உறவா இருந்தா அதையும் எழுதணுமாம்."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப... என் பேரப் போடுதியாம்மா?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். கோமதிநாதன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். நெல்லையம்மாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"போன் வந்தா பேசுவீயளா மாமா? யாரு வீட்டுக்கு வந்திருந்தாலும், நாங்க போயிருவோம்னு தெரிஞ்சாலும், கிணத்தடியில பேசுன மாதிரி பேசுவீயளா?"

"ஏதோ... பேசுவேம்மா" என்றார் சண்முகையா.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது பெயருக்கான கட்டத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. மீனலோசினி அதை நிரப்பாமலே லேப்டாப்பை மூடினாள்.